மூன்றாம் முறை கூப்பிட்டபோது

கடலூர் கோர்ட்டில் எங்கள் ஹாலின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். வெள்ளைப் புடவை, தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. காலை வெயில் வராந்தாவில் பாதி தூரம் வந்துவிட்டது.

எதிரே புங்கமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார். கண்ணாடியெல்லாம் ஏற்றிக் கிடக்கிறது. ஏசிக்காக என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே எங்கள் பக்கத்து முன்னாள் எம்.எல்.ஏ. உட்கார்ந்திருக்கிறார். வராந்தா முழுக்க அவருடைய ஆட்கள், கரை வேட்டியும் செண்ட் வாசனையுமாக.

"தனம், கூப்பிடுங்க" என்று உள்ளேயிருந்து நீதிபதி அம்மாவின் குரல் வருகிறது.

எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ ஆயிரம் பெயர்களைக் கூப்பிட்ட வாய் இது. கொலைகாரன், கோழி திருடினவன், ஜீவனாம்சம் கேட்டு வந்தவள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டிருக்கிறேன். அந்த ஒரு பெயரை மட்டும் கூப்பிட்டதே இல்லை.

என் குரலைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு விருத்தாசலத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார், "இந்தக் குரலை வைத்துக்கொண்டு வீட்டில் சண்டை போட்டால் தெருவே கூடிவிடுமே?" என்று. தாயே, சண்டை போட வீட்டில் இன்னொரு ஆள் வேண்டாமா? நானும் டிவியும்தான் இருக்கிறோம். அதுவும் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை.

அண்ணன் என்பதே பெயர்

காருக்குள் இருந்தவர் பெயர் தில்லைக்கண்ணு. இதை எழுதும்போதுகூட ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். பழக்கம் அப்படி.

குமராட்சிப் பக்கம் எங்கள் ஊரில் அவர் எல்லோருக்கும் அண்ணன். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அண்ணன். எனக்கு மாமா முறை. பேனரில் போட்டோ பெரிதாக இருக்கும், பட்டப்பெயர்கள் நாலு இருக்கும், பெயரைத் தேடினால் ஓரத்தில் எங்காவது கிடக்கும். பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை.

கோர்ட்டில் எப்படி என்றால், டவாலி, அதாவது என்னைப் போலப் பட்டை போட்ட ஆள், வாசலில் வந்து நின்று பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். ஐயா, அண்ணன், தலைவர் ஒன்றும் கிடையாது. மொட்டைப் பெயர். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால், வக்கீலும் ஒரு மனு போடாவிட்டால், உள்ளே திரும்பி "வரலீங்கம்மா" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பிடிவாரண்ட்.

ஆனால் அவருக்கு மட்டும் வேறு வழக்கம் இருந்தது. எனக்கு முன்னால் இந்த ஹாலில் இருந்த டவாலி தொடங்கிவைத்தது, நானும் அப்படியே செய்துவந்தேன். கார் வந்து மரத்தடியில் நிற்கும். நாங்கள் காரண்டை போய்க் குனிந்து, "வரலாங்களாண்ணே?" என்போம். மனசிருந்தால் இறங்கி வருவார். இல்லையென்றால் வக்கீல் உள்ளே போய் வாய்தா வாங்கிவிடுவார். இப்படியே வருஷங்கள் போயின. வழக்கு தொடங்கவே இல்லை.

புருஷன் பேர்

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜீவனாம்ச வழக்குக்கு வந்த ஒரு பெண்ணிடம் வக்கீல், "உன் கணவர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மயிலு மேல வருவாரே, அவரு பேருதாங்க" என்றாள். கோர்ட்டே சிரித்தது. அடித்துத் துரத்திவிட்டவன் பேரைச் சொல்ல அவளுக்கு அத்தனை கூச்சம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் பேரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது தாலுகா ஆபீஸில், வாரிசு சான்றிதழுக்குப் போனபோது. "கலியமூர்த்தி" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர் செத்துவிட்டார் என்பது எனக்கு உறைத்தது. ஆபீஸ் என்றும் பார்க்காமல் அங்கேயே அழுதேன்.

அவர் கோர்ட்டில் பியூனாக இருந்தார். பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் போனதால் கருணை அடிப்படையில் அந்த வேலை எனக்கு வந்தது. அரசாங்க விதி அது. ஆனால் ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "அண்ணன் ஒரு போன் போட்டாரு, தனத்துக்கு வேலை கெடச்சுது" என்பார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. எனக்குக் குழந்தை குட்டி இல்லை. கொழுந்தனார் சேகர் பக்கத்து வீடு. அவன் எம்.எல்.ஏ. அண்ணனுடைய காரில் முன் சீட்டு ஆள். சேகர் குடும்பத்தை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தூணோரம் உட்கார்ந்திருந்தவள்

இனி வழக்குக்கு வருகிறேன். கொள்ளிடத்தில் தண்ணீர் கரை மீறி வந்த ஒரு வருஷம். தாழ்வான தெருக்காரர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். அப்போது எம்.எல்.ஏ.வாக இருந்த அண்ணன் அரிசி கொடுக்க வந்தார். வரிசையில் நின்ற வேலு என்கிற பையன், "கரைய பலப்படுத்தித் தரேன்னு போன வருஷமே சொன்னீங்களே, இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டான்.

கேட்டது அவ்வளவுதான். முதல் உதை அவருடையது. பிறகு கூட வந்தவர்கள் அடித்தார்கள். வேலு ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே போய்விட்டான்.

நான் அப்போது கடலூரில் வேலையில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. வேலுவின் அம்மா பச்சையம்மாள் அதே மண்டபத்தில் இருந்தாள், பார்த்தாள். எங்கள் ஊர்தான் அவளும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெரு. நடவுக்குப் போகிறவள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலையை விட்டுவிட்டு மினி பஸ்ஸில் சிதம்பரம் வந்து, அங்கிருந்து கடலூர் பஸ் பிடித்து வருவாள். வராந்தாவில் கடைசித் தூணோரம் உட்கார்ந்துகொள்வாள். புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

நான் இந்த ஹாலுக்கு வந்த முதல் நாள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏம்மா, எம் புள்ள பேர எப்ப கூப்புடுவ?"

"செத்தவங்க பேர கூப்புட மாட்டாங்கம்மா. அடிச்சவங்க, பாத்தவங்க பேரதான் கூப்புடுவாங்க."

"அப்ப அவன் பேரு இங்க வரவே வராதா?"

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள்.

சொடுக்கிய விரல்

நீதிபதி அம்மா மாற்றலாகிப் புதிதாக வந்திருந்தார். தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலையில் நான் வழக்கம்போலக் காரண்டை போகப் படி இறங்கினேன். "எங்க போறீங்க?" என்றார். சொன்னேன். கோபப்படக்கூட இல்லை. "எல்லாருக்கும் எங்க நின்னு கூப்பிடுறீங்களோ அங்க நின்னு கூப்பிடுங்க" என்றார்.

முதல் முறை கூப்பிட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் வராந்தாவில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவன்கூட நிமிர்ந்தான். மரத்தில் இருந்த அணில் சத்தம் தனியாகக் கேட்டது. அத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் அப்படி வெறுமனே வெளியில் வந்ததே இல்லை.

இரண்டாம் முறை கொஞ்சம் தேறிக்கொண்டு கூப்பிட்டேன். கார்க் கதவு திறக்கவில்லை.

அவருடைய வக்கீல் வேறு ஹாலில் வேறு வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். டவாலி காருக்குப் போய்ச் சொல்லி, அவர் இறங்கி நடந்து வர எப்படியும் நேரமாகும் என்று வக்கீலின் கணக்கு. காருக்குள் இருந்தவர்களும் அதே கணக்கில்தான் இருந்தார்கள்.

அப்போது முன் சீட்டுக் கண்ணாடி கீழே இறங்கியது. சேகர் கையை வெளியே நீட்டினான். என் கொழுந்தன், எங்கள் கல்யாணத்தில் டவுசர் போட்டுக்கொண்டு என் மடியில் தூங்கியவன். என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கி, இங்கே வா என்று காட்டினான்.

நான் தைரியசாலி இல்லை. நீதி, சட்டம் என்று பெரிதாக ஒன்றும் அந்த நேரத்தில் நினைக்கவும் இல்லை. தூணோரம் பச்சையம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள், அது கண்ணில் பட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கு வந்தது ஆத்திரம். அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாதாம். என்னை மட்டும் நாயைக் கூப்பிடுகிற மாதிரி விரலைச் சொடுக்கிக் கூப்பிடலாமாம்.

அடிவயிற்றிலிருந்து மூன்றாம் முறை கூப்பிட்டேன். "தில்லைக்கண்ணு!" ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறவர் வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

உள்ளே திரும்பினேன். "வரலீங்கம்மா."

கூண்டில் நின்ற பகல்

பிடிவாரண்ட் என்று நீதிபதி அம்மா சொல்லி முடித்த பிறகுதான் கார்க் கதவுகள் திறந்தன. வக்கீல் அங்கிருந்து ஓடிவந்தார், இவர்கள் இங்கிருந்து ஓடிவந்தார்கள். "வளாகத்துக்குள்ளதான் இருந்தாருங்கம்மா, கார்ல இருந்தாரு" என்று வக்கீல் கெஞ்சினார்.

"கூப்பிட்டது கேட்டுச்சா?" என்று நீதிபதி அம்மா அண்ணனையே நேராகக் கேட்டார்.

"கேட்டுது" என்றார்.

"ஏன் வரலை?"

அவர் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். வாரண்டை ரத்து செய்ய மனு போட்டார்கள். மனுவை எடுக்கும்வரை கூண்டில் நிற்கச் சொன்னார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் நின்றார். மத்தியானம்தான் ரத்து செய்தார்கள், சாட்சி விசாரணை முடியும்வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. அன்றைக்கு அவர் நெற்றியில் வேர்வை வழிந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. எப்படியும் மாமா முறை இல்லையா?

சாயங்காலம் ஊருக்குள் நுழைந்ததும் சேகர் வழிமறித்தான். மூஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"அண்ணி, கார் நிக்கறது ஒங்க கண்ணுக்குத் தெரியல?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் இன்னாத்துக்கு கூப்பாடு போட்டீங்க? நாலடி வந்து சொன்னா காலு தேஞ்சிடுமா?"

"அந்த நாலடிய அவரு நடந்து வந்திருக்கலாமே சேகரு."

"வேல வாங்கிக் குடுத்த மனுசனுக்கு இதான் மரியாதையா?"

அத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்தது அப்போது வந்துவிட்டது. "எனக்கு வேல வாங்கிக் குடுத்தது ஒன் கூடப்பொறந்த அண்ணன். செத்து வாங்கிக் குடுத்தாரு" என்றேன். அவன் வழியை விட்டு விலகினான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவே இல்லை.

பந்தல் நின்ற இடம்

ஊர்க்கூட்டம் போட்டு என்னை யாரும் ஒதுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் ஒரு புகாராவது கொடுத்திருக்கலாம். கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் யாரையாவது அழைக்க வேண்டுமானால் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "தனம், தண்ணி வந்துடுச்சு", "தனம், மோர் இருக்கா?" என்று ஒரு நாளைக்கு எத்தனையோ முறை காதில் விழும். ஒவ்வொன்றாக நின்றுபோயின. மினி பஸ் எனக்காக நிற்பதை விட்டது. வேறு யாராவது கை காட்டினால் நானும் ஏறிக்கொள்வேன். திரௌபதி அம்மன் தீமிதிக்கு வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள், சேகர் வீட்டில் சொல்லிவிட்டு எனக்கு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

சேகர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. நான் தூக்கி வளர்த்த பெண். சிதம்பரத்தில் ஒரு பச்சைப் பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருந்தேன். பந்தல் போட்டார்கள். கீற்று சரியாக என் சுவர் வரைக்கும் வந்து நின்றது. ரேடியோ செட்டின் குழாய் என் ஜன்னல் பக்கம். சாம்பார் கொதிக்கிற வாசனை வீட்டுக்குள் நிரம்பியது. யாராவது ஒருவர் வந்து கூப்பிடுவார்கள் என்று தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பந்தல் பிரிக்கிற சத்தம் கேட்டபோது எழுந்துபோய் இரண்டு தோசை ஊற்றிக்கொண்டேன். அந்தப் பாவாடை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இப்போது அது பத்தாது.

பகலெல்லாம் ஊரார் பெயரைக் கூப்பிடுகிற வேலை. வீடு திரும்பினால் என் பெயரைச் சொல்ல ஒரு நாதி இல்லை. அழுதுவிடுவேன், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு காலையில் பஸ்ஸுக்கு நிற்பேன்.

பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டேன்

அவர் நேரில் வர வேண்டியிருந்ததால் வழக்கு நகர்ந்தது. சாட்சிகள் வந்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூண்டேறி, "நான் குனிஞ்சு சாக்கு கட்டிக்கிட்டு இருந்தங்க, பாக்கல" என்றார்கள். சேகரும் அதையே சொன்னான். ஒரு மண்டபமே ஒரே நேரத்தில் குனிந்து சாக்கு கட்டியிருக்கிறது. அத்தனை சாக்குக்கு அங்கே அரிசி வந்ததா என்று கேட்க ஆளில்லை. எல்லோரும் பிறழ் சாட்சிகள் ஆனார்கள்.

கடைசியில் பச்சையம்மாளின் முறை வந்தது. காலையிலிருந்து வாசற்படியில் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நிற்பவர்களை "உள்ள போங்க" என்று சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். அன்றைக்கு நான் அப்படிச் செய்யவில்லை. வராந்தாவைப் பார்த்து நின்று, "பச்சையம்மாள்!" என்று மூன்று முறை கூப்பிட்டேன். தில்லைக்கண்ணுவைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டேன். வழியை அடைத்துக்கொண்டிருந்த கரை வேட்டிகள் விலகி நின்றார்கள்.

"யார் உதைச்சாங்கன்னு காட்ட முடியுமா?" என்று அரசு வக்கீல் கேட்டார். அவள் கை நீட்டினாள். "அதோ நிக்கறானே, தில்லைக்கண்ணு, அவன்தான் மொத மொதல்ல ஒதச்சவன்" என்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டுப் பார்த்தார். சொன்னதையே சொன்னாள்.

அவள் சாட்சியத்தையும் டாக்டர் சாட்சியத்தையும் வைத்துத் தண்டனை கொடுத்தார்கள். ஜெயிலுக்குப் போனார். அப்பீல் போட்டு ஜாமீனில் வந்தார். சிதம்பரத்தில் மாலை மரியாதை, பட்டாசு எல்லாம் நடந்தது. அப்பீல் இன்னும் நடக்கிறது. நான் ஓய்வு பெற்றேன். ஊர் மட்டும் அப்படியேதான் இருந்தது.

என் வாசலில்

இந்த வருஷம் ஒரு பகல் வேளை. டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

"தனலட்சுமி!"

டிவியில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"தனலட்சுமி!"

வாசலிலிருந்துதான் வந்தது. எங்கள் தெருவில் என் பெயரைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! டிவியை அணைத்தேன்.

மூன்றாம் முறை கேட்டபோது முக்காலியில் இடித்துக்கொண்டு ஓடினேன். "இருக்கேன், வந்துட்டேன்" என்றேன். கோர்ட்டை நிறைத்த குரல் அன்றைக்குக் காற்றாகத்தான் வந்தது.

வெயிலில் பச்சையம்மாள் நின்றிருந்தாள். சேகர் பெண்சாதி தன் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தரம் கூப்புட்டேன். இன்னும் செத்த நேரம் போயிருந்தா ஒனக்கு வாரண்டுதான்" என்று பச்சையம்மாள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "நாளைக்கு வேலுவுக்கு படைக்கறன். வந்து ஒரு வாய் சாப்புடு. எங்க சனம் ஒண்ணும் வராது. ஆளுக்காளு பயம். நானும் ஒண்டியாத்தான் படைக்கறன்."

மறுநாள் வாய்க்காலைத் தாண்டிப் போனேன். ஒற்றை அறை வீடு. வேலுவின் போட்டோவுக்கு முன்னால் இலை போட்டிருந்தாள். அவித்த முட்டை, கருவாட்டுக் குழம்பு, ஒரு புதுச் சட்டை. கற்பூரம் ஏற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

படையல் போட்டால் செத்தவரைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். வீட்டு ஆள்தான் கூப்பிடுவது வழக்கம்.

"நீ கூப்புடு தனம். எங் கொரலு அவ்ளோ தூரம் போவாது."

வாசற்படியில் போய் நின்றேன். சிவப்புப் பட்டை இல்லை, கையில் பட்டியல் இல்லை. தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

"வேலு!"

எதிர்வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது.

"வேலு!"

மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன். வாய்க்காலைத் தாண்டி எங்கள் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

மூன்று முறை ஆனதும் உள்ளே திரும்பி "வரலீங்கம்மா" என்று சொல்ல வேண்டும். பழக்கத்தில் திரும்பிவிட்டேன். பச்சையம்மாள் கையில் சோற்றுக் கரண்டியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் குனிந்து இலையில் சோறு போட்டாள்.